பழைய புடவை, ஜீன்ஸ் பை, குக்கர் கேக்: எல்லாரும் என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற சந்தேகங்கள்

நான் டெய்லரும் இல்ல, பேக்கரி வெச்சிருக்கிறவளும் இல்ல. மதுரையில ஒரு சாதாரண வீடு, ஒரு பழைய தையல் மெஷின், லீவு விட்டா மொட்டை மாடிக்கு வந்து நிக்கிற தெருப் பிள்ளைக, அவ்ளோதான். பொழுதுபோக்குக்கு செய்யறத ஸ்டேட்டஸ்ல போடப் போய் சொந்தக்காரங்க, பக்கத்து வீடு, ஸ்கூல் தோழிகள்னு எல்லாரும் ஒரே கேள்விய வாய்ஸ் மெசேஜ்ல அனுப்புறாங்க, நானும் ஒரே பதில இருபது தடவ சொல்லிட்டேன். அதான் அவங்க கேட்ட மாதிரியே எழுதி வெச்சிருக்கேன். இனிமே கேட்டா இதத்தான் அனுப்புவேன்.

எனக்கு ஒன்னுமே தெரியாதுக்கா, எதுல இருந்து ஆரம்பிக்கிறது? என்னென்ன வாங்கணும்?

முதல்ல எதுவுமே வாங்காதீங்க. ஆசைப்பட்டு அம்பது கலர் நூல், பீட்ஸ், கேக் அலங்கரிக்கிற முனை செட்டுன்னு வாங்கி வெச்சுட்டு ஆறு மாசம் கழிச்சு பரண்ல ஏத்துனவங்க எங்க வீட்டுலயே ரெண்டு பேர் இருக்காங்க (அதுல ஒருத்தி நான்). தையலுக்கு காசு போடணும்னா ஒரே ஒரு நல்ல கத்திரிக்கோலுக்கு போடுங்க, அதுல துணிய தவிர வேற எதையும் வெட்டாதீங்க. பேப்பர் வெட்டினா கத்தி மழுங்கிடும், அப்புறம் துணிய வெட்டாது, மென்னு துப்பும். எங்க வீட்டுல அந்தக் கத்திரிக்கோல்ல சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கேன், பால் பாக்கெட் வெட்ட யாராச்சும் எடுத்தா அன்னைக்கு சண்டைதான்.

கேக்குக்கு ஒரு 7 இன்ச் டின், அளவு ஸ்பூன் செட் ஒன்னு. ஓவன் வேண்டாம், அது பின்னாடி வருது. முதல் துணியா கிழிஞ்ச லுங்கியோ பழைய தலையணை உறையோ எடுங்க, கெட்டுப்போனா யாரும் அழப்போறதில்ல.

மெஷின் இல்லாம கையாலேயே தைக்க முடியுமா?

தாராளமா. பழைய காட்டன் புடவைய நாலா மடிச்சு சுத்தி ஓட்டுத் தையல் போட்டு குழந்தைக்கு விரிப்பு தைக்கிறது நம்ம பாட்டிங்க காலத்து வேலைதானே, அதுக்கு எந்த மெஷினும் கிடையாது. இழுவை வர்ற இடத்துல மட்டும், அதாவது பை கைப்பிடி, இடுப்புப் பட்டி, அக்குள், இங்கெல்லாம் பேக் ஸ்டிட்ச் போடுங்க. ஒரு தையல் முன்னாடி போய் அரைத் தையல் பின்னாடி வர்றது, நேரம் ஆகும் ஆனா மெஷின் தையல் மாதிரியே நிக்கும். ஜீன்ஸ கையால தைக்கிறது மட்டும் விரலுக்கு பண்ற பாவம்.

இது காட்டனா பாலியஸ்டரா, பட்டா கலப்பான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

இதுதான் எல்லாத்துக்கும் முதல் வேலை, ஏன்னா சாயம் பிடிக்குமா, சுருங்குமா, அயர்ன் பாக்ஸ்ல ஒட்டிக்குமா எல்லாமே துணி என்னன்னு தெரிஞ்சாதான் சொல்ல முடியும். ஓரத்துல இருந்து நாலஞ்சு நூல் உருவி, இடுக்கியில பிடிச்சு, சிங்க்கு மேல வெச்சு கொளுத்திப் பாருங்க. காட்டன்னா பேப்பர் எரியற வாசனை, சாம்பல் சாம்பல்நிறமா மெத்துன்னு இருக்கும். பட்டுன்னா முடி கருகற நாத்தம் வரும், நெருப்ப எடுத்ததும் தானா அணைஞ்சிரும், நுனியில கருப்பு உருண்டை நிக்கும், ஆனா விரல்ல நசுக்கினா பொடியாயிடும். பாலியஸ்டர்னா உருகி சுருண்டு கல்லு மாதிரி ஒரு உருண்டை, நசுக்கவே முடியாது. உடனே தொட்டுடாதீங்க, உருகினது தோல்ல ஒட்டிக்கும்.

கலப்புத் துணின்னா ரெண்டும் கலந்து காட்டும். நீளவாக்குல போற பாவு நூல் ஒன்னு, குறுக்க போற ஊடை நூல் ஒன்னு தனித்தனியா கொளுத்திப் பாருங்க, ஏன்னா ஒன்னு மட்டும் பட்டா இருக்கிற புடவை நிறைய இருக்கு. பிள்ளைகள பக்கத்துல வெச்சுட்டு பண்ணாதீங்க.

ஒரு புடவையில என்னென்ன தைக்கலாம்? துணி பத்துமா?

சாதாரண புடவை சுமார் 5.5 மீட்டர் நீளம், அகலம் 44ல இருந்து 48 இன்ச் வரைக்கும் இருக்கும். முந்தி ஒரு மீட்டர ஓரமா வெச்சுட்டா மிச்சம் நாலரை மீட்டர். பெரியவங்களுக்கு ஒரு குர்தாவுக்கு ரெண்டரை மீட்டர், சின்னப் பிள்ளை பாவாடைக்கு ரெண்டு மீட்டர், ரெண்டும் வந்துரும். முந்தியில 16 இன்ச் சதுர குஷன் கவர் ரெண்டு வரும், இல்லன்னா குர்தாவுக்கு முதுகுப்பக்கம் முந்திய வெச்சு தைச்சுப் பாருங்க, கடையில வாங்கினதுன்னே நினைப்பாங்க.

வெட்றதுக்கு முன்னாடி புடவைய ஜன்னல் வெளிச்சத்துல விரிச்சுப் பிடிங்க. கொசுவம் வர்ற இடத்துலயும் உக்கார்ற இடத்துலயும் துணி நைஞ்சிருக்கும், தூக்கிப் பார்த்தா வெளிச்சம் ஊடுருவும். அந்த இடத்துல சாக்பீஸால வட்டம் போட்டு, அது உடம்புல வராத மாதிரி கட்டிங்க வெச்சுக்கோங்க. புது காட்டன் துணியோ லைனிங்கோ சேர்க்கிறீங்கன்னா அத ஒரு ராத்திரி தண்ணியில ஊறவெச்சு காயவெச்சு அப்புறம் வெட்டுங்க. ஏற்கனவே நூறு தடவ துவைச்ச புடவை சுருங்காது, புது லைனிங் மட்டும் உள்ள சுருங்கி மேல துணி பை மாதிரி உப்பிக்கும். என் முதல் குர்தா இப்படித்தான் ஆச்சு, அத இப்ப நைட்டி மேல போட்டுக்கிறேன்.

அம்மாவோட கல்யாணப் பட்டுப்புடவை இருக்கு, வெட்டலாமா? மனசே வரலையே

மனசு வரலன்னா வெட்டாதீங்க, இதுல நான் சொல்ல என்ன இருக்கு. ஆனா பீரோவுலயே இருந்தா நல்லா இருக்கும்னு மட்டும் நினைச்சுடாதீங்க, வருஷக்கணக்கா ஒரே மடிப்புல கிடந்தா பட்டு மடிப்பு ஓரத்துல கீறிக்கும். ரெண்டு கையாலயும் மடிப்புக்கு ரெண்டு பக்கமும் பிடிச்சு மெதுவா இழுத்துப் பாருங்க. சரக்குன்னு ஒரு சின்ன சத்தம் வந்தா அந்தப் பட்டு தையல தாங்காது, ஊசி போன வழியெல்லாம் கிழியும். அப்படி இருந்தா பார்டர மட்டும் வெட்டி காட்டன் குர்தா அடியிலயோ ஜாக்கெட் கையிலயோ வெச்சுத் தைங்க. பார்டர் கெட்டியான நெசவு, உடம்புத் துணி போனப்புறமும் அது நல்லா இருக்கும்.

சத்தம் வரலன்னா பாவாடை, குர்தா எது வேணா தைக்கலாம், முழுக்க மெல்லிசு காட்டன் லைனிங் கொடுத்து, 11 நம்பர் ஊசியில. இன்னொன்னு, பழைய பட்டுப்புடவை வாங்குறவங்க கிட்ட போட்டுடலாமான்னு கேக்குறாங்க. அவங்க பாக்கிறது புடவைய இல்ல, ஜரிகையில இருக்கிற வெள்ளிய. துணிய எரிச்சு வெள்ளிய எடுத்துப்பாங்க. ஜரிகைய நகத்தால சுரண்டினா உள்ள சிவப்பு பட்டு நூல் தெரிஞ்சா பெரும்பாலும் நல்ல ஜரிகை. காசு கண்டிப்பா வேணும்னா ரெண்டு மூனு கடையில விலை கேட்டுட்டு கொடுங்க, வாசல்ல கூவிட்டு வர்றவங்க கிட்ட அவசரப்பட்டு கொடுக்காதீங்க.

பாப்பா வளந்துட்டே இருக்கா, ஆசையா தைச்ச பட்டுப்பாவாடை அடுத்த தீபாவளிக்கே கட்டையாயிடுதே

டக் பிடிக்க மறந்துட்டீங்க. புடவை அகலம் 46 இன்ச், ஆறு வயசுப் பிள்ளைக்கு இடுப்புல இருந்து கணுக்கால் வரைக்கும் 26, 28 இன்ச்தான் வரும். மிச்சத்த வெட்டி எறியாம பார்டருக்கு மேல உள்பக்கமா மடிச்சு ஒரு இன்ச்ல ஒரு டக் தைச்சா ரெண்டு இன்ச் துணி உள்ள போயிடும், அந்த மாதிரி ரெண்டு டக். வருஷத்துக்கு ஒன்னா பிரிச்சு விட்டுட்டே போகலாம். டக் தையல பெரிய தையலா போடுங்க, பிரிக்கும்போது பட்டு கிழியாது. பிரிச்ச இடத்துல ஒரு கோடு தெரியும், அது மேல லேஸ் வெச்சுத் தைச்சுட்டா டிசைன்னு சொல்லிக்கலாம். எங்க அம்மா எனக்கு தைச்ச பாவாடையில மூனு லேஸ் இருந்துச்சு, எதுக்குன்னு நான் தைக்க ஆரம்பிச்சப்புறம்தான் புரிஞ்சுது.

டெய்லர்கிட்ட பழைய துணிய கொடுத்தா முகத்த சுளிக்கிறாங்க, யார்கிட்ட கொடுக்கிறது?

அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. பழைய துணி தைக்கும்போது கிழிஞ்சா பழி அவங்க மேல, பிரிச்சு தைக்கிறது புதுசு தைக்கிறதவிட ரெண்டு மடங்கு வேலை, கூலி கேட்டா நம்ம பேரம் பேசுவோம். அதனால தையல பிரிக்கிறது, நைஞ்ச இடத்துல வட்டம் போடுறது, லைனிங் நனைச்சு காயவெக்கிறது எல்லாம் வீட்டுலயே முடிச்சுட்டு, அளவுக்கு நல்லா பொருந்துற ஒரு பழைய டிரஸ்ஸையும் சேர்த்து கொண்டுபோங்க. ஆல்ட்டரேஷன் மட்டுமே பண்றவங்க இன்னும் சரி. எங்க ஊர்ல மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிர்ல புதுமண்டபத்துல தூணுக்குத் தூண் மெஷின் போட்டு உக்காந்திருப்பாங்க, துணி கொடுத்துட்டு கோயிலுக்குள்ள போயிட்டு வர்றதுக்குள்ள சின்ன வேலைன்னா முடிச்சுக் கொடுத்துருவாங்க. இப்ப அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிடுச்சு.

ஜீன்ஸ்ல பை தைச்சேன், மூனு ஊசி உடைஞ்சிடுச்சு, மெஷின் சரியில்லையா?

மெஷின் மேல பழி போடாதீங்க, ஜாக்கெட் தைச்ச அதே 14 நம்பர் ஊசிய போட்டிருப்பீங்க. ஜீன்ஸுக்கு 16, ரொம்ப கெட்டின்னா 18. தையல் நீளத்தையும் கூட்டி வைங்க. அப்படியும் உடையுதுன்னா கேளுங்க, எங்க உடையுது? பக்கத் தையல் ரெண்டு சேர்ற இடத்துலதான் உடையும், அங்க ஆறு எட்டு மடிப்பு துணி இருக்கும். அந்த இடத்த மட்டும் ஒரு கல்லு மேல வெச்சு சுத்தியலால நல்லா நாலு தட்டு தட்டுங்க, துணி அமுங்கும். அப்புறம் மிதிக்காம கையால சக்கரத்த சுத்தி மெதுவா தாண்டுங்க. மேடு ஏறும்போது மெஷின்ல துணிய அமுக்கிப் பிடிக்கிற பாதம் முன்னாடி தூக்கிக்கும், பின்பக்கம் அதே உயரத்துக்கு ஒரு துண்டு ஜீன்ஸ மடிச்சு வெச்சா பாதம் சமமா நின்னு அழகா தாண்டிடும்.

பேன்ட் கால வெட்டி பையாக்குறதவிட மேல் பாகத்த பையாக்கினா பாக்கெட் எல்லாம் இலவசம். பெல்ட் போடுற இடத்துல கைப்பிடிய நுழைச்சுக்கலாம்.

டீ-ஷர்ட்ட தைக்காமலே பை ஆக்குற வீடியோ பார்த்தேன், நிஜமா கனம் தாங்குமா?

தாங்கும், ஆனா தரையத் தொடும். பின்னல் துணி இல்லையா, இழுபடும். கை ரெண்டையும் வெட்டிட்டு, கழுத்த கொஞ்சம் பெருசா வட்டமா வெட்டி, அடியில 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ரெண்டு ரெண்டு சென்டிமீட்டர் பட்டையா கீறி, முன்பட்டையையும் பின்பட்டையையும் முடிச்சுப் போட்டுட்டே போங்க. ரெண்டு முடிச்சுக்கு நடுவுல ஓட்டை விழும், அதுக்கு பக்கத்துப் பட்டையோட ஒரு தடவ குறுக்கா முடிச்சுப் போட்டா அடைஞ்சிரும், இத நிறைய வீடியோவுல சொல்றதில்ல. வெங்காயம், கத்திரிக்காய்க்கு ஓகே. அஞ்சு கிலோ அரிசிக்கு ஜீன்ஸ் பைதான்.

2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாட்டுல ஒருதடவ பயன்படுத்துற பிளாஸ்டிக் பைக்கு தடை, 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைன்னு அரசாங்கமே ஆரம்பிச்சுது, ஆனாலும் மார்க்கெட்டுக்கு வெறுங்கைய வீசிட்டுப் போறது நம்ம பழக்கம். வண்டி சீட்டுக்கு அடியில இந்த டீ-ஷர்ட் பை ஒன்ன சுருட்டி வெச்சுட்டா மறக்கிற பேச்சே இல்ல.

அப்பாவோட பழைய வெள்ளை வேட்டிக்கு சாயம் போடலாமா? சுங்குடி மாதிரி வருமா?

போடலாம், எனக்கு பிடிச்ச வேலையே இதுதான். நாலு முழ வேட்டி ஏறக்குறைய ரெண்டு மீட்டர், துப்பட்டாவுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். முதல்ல கொளுத்திப் பார்த்து காட்டன்தான்னு உறுதி பண்ணுங்க (மேல மூணாவது கேள்வி), பாலியஸ்டர் கலந்த வேட்டின்னா சாயம் திட்டுத்திட்டா வெளிறிப் போய் நிக்கும். அப்புறம் கஞ்சி போகணும். சோப்பு போட்டு கொதிக்கிற தண்ணியில அரைமணி நேரம் போட்டு அலசுங்க, கஞ்சி இருக்கிற இடத்துல சாயம் ஏறாது.

சுங்குடியில அந்தப் புள்ளி ஒவ்வொன்னையும் நகத்தால துணிய கிள்ளி நூல் சுத்தி முடிச்சுப் போட்டுத்தான் எடுக்குறாங்க. இங்க சௌராஷ்டிரா வீடுகள்ல தலைமுறையா பண்ற வேலை, புவிசார் குறியீடு வாங்கினது. நமக்கு அந்தக் கை வராது, அதனால ஒரு குறுக்கு வழி: துணிக்குள்ள ஒரு கடுகோ பச்சைப்பயறோ வெச்சு மேல நூல இறுக்கிச் சுத்துங்க. கொண்டைக்கடலை வெச்சா பெரிய வட்டம். நூறு முடிச்சு போட நாலு பேர் சேர்ந்து ஒரு மதியம் ஆகும், அரட்டை அடிச்சுட்டே போடலாம். முடிச்சுப் போட்ட துணிய வெறும் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு அப்புறம் சாயத்துல விடுங்க, காஞ்ச துணிய அப்படியே போட்டா சாயம் நூலுக்கு அடியில ஏறிடும். எடுத்து அலசி, முழுசா காஞ்சப்புறம் முடிச்ச அவிழுங்க. ஈரத்துல அவிழ்த்தா புள்ளி கலங்கிடும். பிள்ளைகளுக்கு பொறுமையே இருக்காது, ஒளிச்சு வைங்க.

கெமிக்கல் வேண்டாம்னு மஞ்சள்ல சாயம் போட்டேன், சோப்பு போட்டதும் சிவப்பாயிடுச்சு! ஏன்?

ஆரத்தி தண்ணி எப்படி கரைப்பீங்க? மஞ்சள்ல சுண்ணாம்பு சேர்த்தா சிவப்பாகுதுல்ல, அதே கதைதான். சோப்புல இருக்கிற காரத்தன்மை பட்டதும் மஞ்சள் சிவக்கும். எலுமிச்சம்பழம் பிழிஞ்ச தண்ணியிலயோ வினிகர் தண்ணியிலயோ அலசினா மறுபடி மஞ்சளாயிடும், மந்திரம் மாதிரி இருக்கும், பிள்ளைகளுக்கு காட்டுங்க. ஆனா மஞ்சள் வெயில்ல வெளுத்துப் போற சாயம், நாலு தடவ மாடியில காயப்போட்டா போச்சு. விளையாட்டுக்கு சரி, கல்யாணத்துக்கு போட்டுட்டுப் போற டிரஸ்ஸுக்கு வேண்டாம்.

சாயம் போகாம இருக்க வினிகர், உப்பு போடச் சொல்றாங்களே, எது சரி?

வினிகர் பட்டுக்கும் உல்லனுக்கும் போடுற சாயத்துக்குத்தான் உதவும், காட்டனுக்கு வினிகர் ஊத்துறதும் ஒன்னுதான் ஊத்தாததும் ஒன்னுதான். உப்பு சாயத்தண்ணியிலயே சேர்க்கிறது, சாயத்த துணி பக்கம் தள்ளி ஏறவைக்கும், ஆனா உப்பு மட்டும் சாயத்த பூட்டி வெக்காது. குளிர்ந்த தண்ணியில போடுற சாயப்பொடின்னா பூட்டுற வேலைய செய்யறது வாஷிங் சோடா. பாக்கெட்ல போட்டிருக்கிற அளவுக்கு போடுங்க, கையுறை மாட்டிக்கோங்க, அந்த வாளி, குச்சி எதையும் திரும்ப சமையலுக்கு எடுக்காதீங்க. வாஷிங் சோடா வேற, ஆப்ப சோடா வேற, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெக்காதீங்க.

பேப்பர் கூழ்ல கொலு பொம்மை, கூடை எல்லாம் செஞ்சா பூஞ்சை பிடிக்குது, பூச்சி அரிக்குது, என்ன பண்ண?

மைதா பசைய அள்ளிக் கொட்டியிருப்பீங்க, அது பூச்சிக்கு விருந்து. புக் பைண்டிங் பண்றவங்க அதுக்குத்தான் மைதா பசையில மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பாங்க, ஆனா அது விஷம், பிள்ளைகள் கை வைக்கிற வேலையில வேண்டவே வேண்டாம். எங்க பாட்டி வெந்தயம் போடுவாங்க. நியூஸ் பேப்பர கிழிச்சு ரெண்டு நாள் ஊறவெச்சு, ஊறின வெந்தயத்தையும் சேர்த்து ஆட்டினா கொழகொழன்னு பசை தானா வந்துரும், கசப்புக்கு பூச்சியும் அவ்வளவா கிட்ட வராது. அப்படி செஞ்ச கூடையில எங்க வீட்டுல வருஷக்கணக்கா வத்தல் போட்டு வெச்சிருந்தாங்க.

பூஞ்சை வர்றதுக்கு காரணம் காயாதது. ஒரு எவர்சில்வர் பாத்திரத்த கவுத்து, மேல ஈரத்துணி போட்டு, அது மேல கூழ கால் இன்ச் கனத்துக்கு மட்டும் அப்புங்க. முதல் நாள் நிழல்ல, கொஞ்சம் இறுகினதும் கழட்டி உள்பக்கம் தெரியற மாதிரி வெயில்ல. எடுத்த எடுப்புல வெயில்ல வெச்சா மேல மட்டும் காஞ்சு வெடிக்கும். பொம்மைன்னா உள்ள கூடா இருக்கணும், உருண்டையா பிடிச்சு வெச்சா நடுவுல ஒரு மாசமானாலும் ஈரம் போகாது. புதுச்சேரி பக்கம் திருக்கனூர் பேப்பர் கூழ் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு உண்டு, வாய்ப்பு கிடைச்சா ஒன்ன கையில தூக்கிப் பாருங்க, அந்த எடையில்லாத எடைதான் நமக்கு வரணும்.

சில்க் த்ரெட் வளையல் ரெண்டு நாள்ல பிரிஞ்சிடுது, ஃபெவிகால்தான் போட்டேன்

பிளாஸ்டிக் வளையல் மேல வழவழன்னு இருக்கும், பசை பிடிக்க ஒன்னுமில்ல. உப்புத்தாள வெச்சு ரெண்டு நிமிஷம் தேய்ச்சுட்டு சுத்துங்க, பிரியாது. பசை ஆரம்பத்துலயும் முடிவுலயும் போதும், வழியெல்லாம் தடவினா நூலோட மினுமினுப்பு போயிடும்.

ஓவன் இல்ல, குக்கர்ல கேக் பண்ணலாமா? வெடிச்சிடாதே?

விசில் போடலன்னா வெடிக்க என்ன இருக்கு. கேஸ்கட்டையும் விசிலையும் கழட்டிடணும், இது ரெண்டும்தான் முக்கியம், மாட்டிட்டு தண்ணியில்லாம அடுப்புல வெச்சா நான் பொறுப்பில்ல. அடியில ஒன்றரை கப் கல்லுப்பு பரப்பி, ஒரு ஸ்டாண்டு வெச்சு, மூடி போட்டு மிதமான தீயில 10 நிமிஷம் சூடு பண்ணுங்க. அப்புறம் டின்ன உள்ள வெச்சு தீய ரொம்ப கம்மி பண்ணி 40ல இருந்து 50 நிமிஷம். டின்ன சுத்தி எல்லாப் பக்கமும் ஒரு விரல் இடைவெளி இருக்கணும், சூடு சுத்தி வரணும்ல. தண்ணியில்லாம சூடு பண்றது குக்கருக்கு நல்லதில்ல, அதனால பழைய குக்கர இதுக்குன்னே ஒதுக்குங்க, இல்ல மூடி போட்ட கனமான இரும்புச் சட்டி. நான்-ஸ்டிக் வேண்டாம், வெறுமனே சூடேறினா பூச்சு கெட்டு புகை வரும். அந்த உப்ப ஆறவெச்சு டப்பாவுல போட்டு அடுத்த கேக்குக்கும் எடுத்துக்கலாம்.

நான் எல்லாருக்கும் சொல்ற முதல் கேக் இது: தயிர் 1 கப், சக்கரை முக்கா கப், எண்ணெய் அரை கப், மைதா ஒன்றரை கப், பேக்கிங் பவுடர் ஒன்னேகால் டீஸ்பூன், ஆப்ப சோடா அரை டீஸ்பூன், வெனிலா ஒரு டீஸ்பூன். தயிர்ல சக்கரைய கரைச்சு, பவுடரையும் சோடாவையும் போட்டு அஞ்சு நிமிஷம் விட்டா நுரைச்சு பொங்கும், எண்ணெய், வெனிலா, சலிச்ச மைதா சேர்த்து கட்டியில்லாம கலந்து உடனே அடுப்புல. கடலெண்ணெய் வாசனை தூக்கும், சூரியகாந்தி எண்ணெய் ஊத்துங்க.

கப்புன்னா எந்த கப்பு? எங்க வீட்டுல டம்ளர்தான் இருக்கு

டம்ளரே போதும், எல்லாத்தையும் அதே டம்ளர்ல அளந்தா விகிதம் மாறாது. ஆனா சோடா, பவுடர் மட்டும் ஸ்பூன் அளவு, அது டம்ளர் பெருசானா மாறாம நிக்குது, அங்கதான் சிக்கல். ரெசிப்பியில சொல்ற கப் 240, 250 மில்லி, உங்க டம்ளர் அந்தக் கிட்டத்துல இருக்கான்னு ஒரு தடவ அளந்து வெச்சுக்கோங்க. மைதாவ டப்பாவுக்குள்ள கப்ப விட்டு அமுக்கி அள்ளினா கூடுதலா ஏறும், ஸ்பூனால போட்டு மேல தட்டையா வழிச்சா சுமார் 125 கிராம் வரும்.

பேக்கிங் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்னுதானே, ஒன்னு இல்லன்னா இன்னொன்ன போடலாமா?

ஒன்னு இல்ல. பேக்கிங் சோடான்னா நம்ம ஆப்ப சோடா, புளிப்பு பட்டாத்தான் பொங்கும், தயிர், எலுமிச்சை, வினிகர் ஏதாவது வேணும். பவுடர்ல சோடாவோட புளிப்புப் பொருளும் காய்ஞ்ச நிலையில கலந்தே இருக்கு, ஈரம் பட்டதும் கொஞ்சம், சூடு பட்டதும் மிச்சம்னு வேலை செய்யும். சோடா மூனு நாலு மடங்கு வீரியம், அதனால பவுடர் ஒரு டீஸ்பூனுக்கு பதிலா சோடாவ ஒரு டீஸ்பூன் போட்டீங்கன்னா கேக் சோப்பு தின்ன மாதிரி இருக்கும். பழைய பவுடர் உயிரோட இருக்கான்னு பாக்க சுடுதண்ணியில அரை ஸ்பூன் போடுங்க, புஸ்ஸுன்னு நுரைக்கணும். சோடாவுக்கு எலுமிச்சைச் சாறு.

முட்டை சேர்க்கலாமா, சேர்க்காம பண்ணலாமா? கோதுமை மாவு?

ஒரு முட்டைக்கு பதிலா கால் கப் தயிர்னு வெச்சுக்கோங்க, சாதாரண கேக்குக்கு சரியா வரும். முட்டைய அடிச்சுப் பொங்கவெச்சே எழும்புற ஸ்பான்ஜுக்கு மட்டும் இது செல்லாது. கோதுமை மாவு போடலாம், அது தண்ணிய அதிகமா குடிக்கும், ரெண்டு மூனு ஸ்பூன் பால் கூட ஊத்துங்க. மெத்துன்னு வராது, அத மறைச்சு என்ன ஆகப்போகுது.

பொங்கி வந்துச்சு, எடுத்ததும் நடுவுல குழி விழுந்துடுச்சு

அரைமணி நேரத்துக்குள்ள மூடிய திறந்து பார்த்தீங்களா? எல்லாரும் இல்லன்னு சொல்வாங்க, எல்லாரும் திறந்திருப்பாங்க. உள்ள இன்னும் இறுகாத நேரத்துல சூடு போனா உக்காந்துடும். திறக்கலன்னா சோடா கூடியிருக்கும், வேகமா பொங்கி தாங்க முடியாம விழும். இல்லன்னா வேகல. 40 நிமிஷத்துக்கு அப்புறம் ஈர்க்குச்சிய நடுவுல குத்திப் பாருங்க, ஓரத்துல குத்தி ஏமாறாதீங்க, சுத்தமா வரணும். கலந்த மாவ வெச்சுட்டு போன் பேசப் போனாலும் பொங்குற காத்தெல்லாம் வெளியிலேயே போயிடும், அதான் மேல உடனே அடுப்புலன்னு எழுதினேன்.

விழுந்த குழிய யாரும் பாக்கமாட்டாங்க, கவுத்துப் போட்டு வெட்டுங்க.

க்ரீம் அடிச்சா தண்ணியாயிடுது, ஏசி இல்லாம முடியாதா?

மதுரை மே மாசத்துல எனக்கும் முடியாது. விப்பிங் க்ரீம ஃப்ரிட்ஜ்ல இருந்து நேரா எடுத்து, கிண்ணத்தையும் பீட்டர் கம்பியையும் ஃப்ரீசர்ல 20 நிமிஷம் வெச்சு, கிண்ணத்துக்கு அடியில ஐஸ் தட்டு வெச்சு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அடிங்க. அதுவும் சரிவரலன்னா காம்பவுண்ட் சாக்லேட்ட உருக்கி மேல ஊத்திடுங்க, அதுல கோக்கோ வெண்ணெய்க்கு பதிலா வேற தாவரக் கொழுப்பு இருக்கிறதால வெயில்ல கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

இவ்ளோ நல்லா பண்றீங்களே, விக்கலாமே?

விக்கிறதுன்னா உணவுப் பாதுகாப்புத் துறையில பதிவு வேணும், வீட்டுல செஞ்சாலும் வேணும். அதவிட, ராத்திரி பதினோரு மணிக்கு யார் வீட்டு பர்த்டேக்கோ க்ரீம் அடிக்கணும். எனக்கு வேண்டாம்.

தூத்துக்குடி மக்ரூன் வீட்டுல வருமா? நாலு தடவ பண்ணிட்டேன், தட்டையா ஒட்டிக்கிட்டே இருக்கு

இதுதான் இருக்கிறதுலயே கஷ்டமான கேள்வி. பொருள் மூணே மூணு, முட்டை வெள்ளை, சக்கரை, முந்திரி, அதனாலதான் தப்பு எதையும் மறைக்க முடியாது. ரெண்டு முட்டை வெள்ளைக்கு பொடிச்ச சக்கரை அரை கப், முந்திரித் தூள் முக்கா கப். வெள்ளையில மஞ்சக்கரு ஒரு துளி கலந்தாலும், கிண்ணத்துல எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை எழும்பாது, பிளாஸ்டிக் கிண்ணத்துல பிசுக்கு போகவே போகாது, எவர்சில்வர எலுமிச்சை மூடியால துடைச்சுட்டு அடிங்க. சக்கரைய ஒரேயடியா கொட்டாம ஸ்பூன் ஸ்பூனா. கிண்ணத்த தலைகீழா கவுத்தாலும் விழக்கூடாது, அதுதான் பதம்.

நீங்க தப்பு பண்ற இடம் பெரும்பாலும் முந்திரி. மிக்ஸிய விடாம ஓட்டினா முந்திரியில எண்ணெய் விட்டுடும், அந்த எண்ணெய் நுரைய சாய்ச்சுடும், அதான் தட்டையாகுது. விட்டு விட்டு ஓட்டி, சலிச்சு, கரண்டியால அடியில இருந்து மேல மெதுவா மடிச்சுக் கலக்கணும், சுத்திக் கலக்கக் கூடாது. அடுத்தது சூடு: இது வேகற பண்டம் இல்ல, காயற பண்டம். குக்கர்ல அவ்ளோ கம்மி சூட்ட பிடிக்க முடியாது, இதுக்கு மட்டும் ஓவன் இருக்கிற வீட்டுக்குப் போங்க. 110, 120 டிகிரியில ஒரு மணி நேரம், அப்புறம் ஆஃப் பண்ணி உள்ளேயே ஆறவிடுங்க. மைக்ரோவேவ்ல கன்வெக்ஷன் இருந்தா வரும், வெறும் மைக்ரோ மோடுல எதுவும் மொறுமொறுன்னு ஆகாது.

மழைக்காலத்துல சக்கரை காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கும், அதனால ஆறினதும் டப்பாவுல போட்டு இறுக்கி மூடுங்க. நமுத்துப் போச்சுன்னா 100 டிகிரியில ஒரு பதினஞ்சு நிமிஷம் வெச்சு ஆறவெச்சா மொறுமொறுப்பு திரும்பும். அப்பவும் ஒட்டுதுன்னா பிச்சுப் போட்டு ஐஸ்கிரீம் மேல தூவிடுங்க, எங்க தெருப் பிள்ளைக அதத்தான் முதல்ல கேக்குறாங்க.